அல்சருக்கு மருந்து அலை!

எடப்பாடியில் கடல் கிடையாது.

விசைத்தறி உண்டு. நடுராத்திரியில் எழுந்து காதைத் தீட்டினாலும் கேட்கும் 'டக டக' சத்தம் உண்டு. தைப்பூசம் முடிந்த கையோடு பழநிக்குக் காவடி எடுத்துப் போய், மலைமேலேயே ஒரு ராத்திரி தங்கும் உரிமை பெற்ற கூட்டம் உண்டு. கொஞ்ச தூரத்தில் பூலாம்பட்டி. அங்கே காவிரி, கதவணை, அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்குப் போகும் படகு எல்லாம் உண்டு. தண்ணீர் என்றால் அவ்வளவுதான். கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே பல மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். சென்னையை ஒட்டிய கோவளம் என்றால் 350 கிலோமீட்டருக்குக் குறையாது.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷன் கடல் அலையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால் நம்புவீர்களா?

என்னோடு பி.காம். படித்த நண்பர். நூல் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். சனிக்கிழமை சாயங்காலம் கணக்கை முடித்துவிட்டு சேலம் போய் பஸ் பிடித்தால், விடிகாலை தாம்பரம். அங்கிருந்து மாறி மாறி கோவளம். சூரியன் வரும்போது தோளில் செகண்ட்ஹேண்ட் கேமரா, கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். கடலுக்குள் பலகைமேல் நின்று அலையில் சறுக்கி வரும் மீனவர் குப்பத்துப் பையன்களைச் சுட்டுத் தள்ளுவார். மத்தியானம் திரும்பவும் பஸ். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நூல் கடை. மாதத்தில் இரண்டு முறை இது நடக்கிறது.

போன மாசம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொண்டுவந்து வைத்த அவருடைய மனைவி நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, நீங்களாச்சும் கேளுங்க. இதுல அஞ்சு பைசா வருமானம் உண்டுங்களா? பஸ்ஸுக்குக் காசு, சோத்துக்குக் காசு. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை புள்ளைங்க அப்பன் மொகத்தைப் பாக்கறதில்லீங்க."

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். வழியனுப்ப வாசல் வரை வந்தவர், மெதுவாகச் சொன்னார். "பேசாம வேலையை விட்டுட்டு கோவளத்துலயே ரூம் எடுத்துத் தங்கிடலாமான்னு இருக்கு."

அடப்பாவி! எனக்குப் பகீர் என்றது. புத்தி சொல்லலாம் என்றால் எனக்கு அதில் அனுபவம் போதாது. ஆனால் கதை சொல்ல வரும். அதனால் அவருக்கு ஒரு சரித்திரம் சொன்னேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். பறவையைப் படம் எடுப்பவர் கூட்டுக்குப் பக்கத்தில் காத்திருக்கலாம். கல்யாண போட்டோகிராபருக்கு முகூர்த்த நேரம் பத்திரிகையிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அலைக்கு அப்படி எதுவும் கிடையாது. எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் ஒரு புயல் வீசும். அதன் ஆட்டம் தண்ணீரில் பரவிப் பரவி, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து அலையாக எழும். அது செவ்வாய்க்கிழமை வரலாம், ஆடிட்டர் வரும் நாளிலும் வரலாம். அதிகாலையில் கரையிலிருந்து கடல் பக்கம் மெல்லிய காற்று வீசும்போது அலை கண்ணாடி மாதிரி எழுந்து நிற்கும். வெயில் ஏறினால் கடல்காற்று திரும்பி அடித்து அதைக் கலைத்துவிடும். ஆக, சம்பள வேலை பார்க்கிறவனுக்கு மிஞ்சுவது வேலைக்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமையும்தான்.

நம் கிழக்குக் கரையில் இன்னொரு கஷ்டம். காலைச் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கரையில் நிற்பவனுக்கு நேர் எதிர் வெளிச்சம். அலைமேல் வருகிறவன் முகம் கறுத்து, நிழலுருவமாகத்தான் விழும். நல்ல வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரும் நேரத்தில் அலை கெட்டுவிடும். கலிபோர்னியாக்காரனுக்குக் கடல் மேற்கே. காலை வெயில் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அலையின் முகத்தில் நேராக விழும். இந்த ஒரு விஷயத்தில் அவன் கொடுத்துவைத்தவன்.

அதனாலோ என்னவோ, அலைச்சறுக்குப் புகைப்படத்தின் கதையும் கலிபோர்னியாவில்தான் சூடு பிடித்தது. ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கதையை எழுதியவர்களில் முக்கியமான இரண்டு பேர் போட்டோகிராபர்களே இல்லை. ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் டெலிபோன் கம்பெனி ஊழியர்.

முன்னோடி என்று பார்த்தால் டாம் பிளேக். 1902-ல் பிறந்தவர். கடலே இல்லாத விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். கடலே இல்லாத ஊர் என்றதும் எனக்கு எடப்பாடி ஞாபகம் வந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஹவாய்க்குப் போய் அலைப் பைத்தியம் பிடித்தது. உள்ளே குடைவான, எடை குறைந்த சறுக்குப் பலகையைக் கண்டுபிடித்து 1932-ல் பேட்டன்ட் வாங்கியவர். பலகையின் அடியில் துடுப்பு போன்ற பட்டையைப் பொருத்தியவரும் இவரே. கேமராவுக்குத் தண்ணீர் புகாத பெட்டி ஒன்றைச் செய்து, கடலுக்குள் இறங்கி, அலைக்கு நடுவிலிருந்தே படம் எடுத்தார். 1935-ல் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' பத்திரிகை அவருடைய படங்களை வெளியிட்டது. அதுவரை கரையிலிருந்து சின்னப் புள்ளியாகத் தெரிந்த மனிதன், முதல்முறையாக அலையோடு அலையாக, முகம் தெரியும்படி பத்திரிகையில் வந்தான்.

பிளேக் நிரந்தர வேலை, நிரந்தர வீடு என்று எதிலும் ஒட்டாத நாடோடி. அவர் பாணி குடும்பஸ்தனுக்குச் சரிப்பட்டு வராது. அவருடைய படம் ஒன்றைப் பத்திரிகையில் பார்த்து மயங்கிப்போன ஓர் ஆசாமிதான் நமக்கு வேண்டியவர். ஜான் ஹீத் பால். ஊருக்கெல்லாம் 'டாக்' பால்.

டாக் பால் 1907-ல் பிறந்தவர். பல் மருத்துவம் படித்து லாஸ் ஏஞ்சல்ஸில் கிளினிக் வைத்தார். நேரம் எப்படிப்பட்டது தெரியுமா? அமெரிக்கா முழுக்கப் பொருளாதார மந்தம். வேலையில்லாத் திண்டாட்டம். பல் வலித்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஜனங்கள் நினைத்த காலம். அந்த நேரத்தில் இவருக்கு மனசெல்லாம் கடலில். நம் மேட்டூர் அணை 1934-ல் திறந்தது. அதற்கு அடுத்த வருடம், 1935-ல், டாக் பாலும் நண்பர்களும் சேர்ந்து 'பாலோஸ் வெர்டெஸ் சர்ஃப் கிளப்' ஆரம்பித்தார்கள். கூட்டம் நடந்தது வேறெங்கும் இல்லை. டாக்டரின் கிளினிக் இருந்த கட்டடத்தில்தான். பகலில் பல், ராத்திரியில் அலை!

ஆரம்பத்தில் அவரிடம் இருந்தது ஒரு மடக்கு கோடக் கேமரா. கடலுக்குள் போக வேண்டுமானால் பலகைமேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கேமராவை எங்கே வைப்பது? பல்லில் கடித்துக்கொண்டு போவாராம். பல் டாக்டர் என்பதால் பல்லின்மேல் நம்பிக்கை இருந்திருக்கிறது!

பிறகு மரத்தில் ஒரு பெட்டி செய்து, கனமான கிராஃப்ளெக்ஸ் கேமராவை அதற்குள் அடைத்து, அலைக்குள் கொண்டுபோனார். அன்றைய சறுக்குப் பலகைகள் ஒவ்வொன்றும் ஆள் எடைக்குக் கொஞ்சம் குறைவு. அது நழுவி வந்து மோதினால் கேமராவும் போச்சு, கேமராக்காரனும் போச்சு. அப்படியும் விடவில்லை. ஒரு ஷாட் எடுப்பது, அடுத்த ஷாட்டுக்குத் தயாராவது என்று ஒவ்வொன்றும் ஒரு சர்க்கஸ்.

இப்படி வருடக்கணக்கில் சேர்த்த படங்களை 1946-ல் 'கலிபோர்னியா சர்ஃப்ரைடர்ஸ்' என்ற புத்தகமாகப் போட்டார். எத்தனை பிரதி என்று நினைக்கிறீர்கள்? 510. ஐந்து லட்சம் இல்லை, ஐயாயிரம்கூட இல்லை, வெறும் ஐந்நூற்றுப் பத்து. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அதை ஒரு வெளியீடு என்றே சொல்ல முடியாது. இன்றைக்கு அந்த முதல் பதிப்பு, சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொக்கிஷம். முப்பதுகளில், நாற்பதுகளில் கலிபோர்னியா கடற்கரை எப்படி இருந்தது, அந்தப் பையன்கள் எப்படிச் சிரித்தார்கள், எதை உடுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? இந்தப் பல் டாக்டரின் ஆல்பத்தைத்தான் புரட்ட வேண்டும்.

கதையில் ஒரு சோகமும் உண்டு. டாக் பால் பிற்பாடு வடக்கு கலிபோர்னியாவுக்குக் குடிபோனார். 1964 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே வந்த பெருவெள்ளத்தில் அவருடைய நெகட்டிவ்களில் பெரும்பகுதியும் கேமரா சாமான்களும் போய்விட்டன. வாழ்நாளெல்லாம் தண்ணீரைப் படம் எடுத்தவரின் படங்களைத் தண்ணீரே கொண்டுபோனது. அந்த 510 பிரதிகள் மட்டும் அச்சாகாமல் இருந்திருந்தால்? நஷ்டக் கணக்கு என்று யாரோ தடுத்திருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

அவர் அதற்காக உடைந்து உட்காரவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஸ்கேட்போர்டில் போய்க்கொண்டிருந்தார். 2001-ல், 94 வயதில் காலமானார்.

இப்போது டெலிபோன்காரர்.

லிராய் கிரானிஸ். 1917-ல் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய ஹெர்மோசா பீச்சில் பிறந்தவர். கடற்கரையிலேயே வளர்ந்தவர். பதினான்கு வயதில் ஒரு பைன் மரப் பலகையோடு அலையில் இறங்கியவர். டாக் பாலின் கிளப்பில் சேர்ந்து அவருக்குச் சிநேகிதர் ஆனார். நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் 'கிரானி'. நம்மூர்க் கணக்கில் 'பாட்டி'! பாட்டி என்று கூப்பிட்டாலும் மனுஷன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கல்யாணம் ஆனது. மனைவி கேட்டி. உலகப் போர் வந்தது. ராணுவ விமானப் படையில் பணி. போர் முடிந்து திரும்பினால், வீட்டில் பொறுப்பு வரிசையில் நிற்கிறது. நான்கு பிள்ளைகள். பிற்காலத்தில் பசிபிக் பெல் என்று அழைக்கப்பட்ட டெலிபோன் கம்பெனியில் வேலை. காலை போனால் மாலை வீடு. நீங்களும் நானும் பார்க்கிற அதே ஓட்டம். அலை, பலகை எல்லாம் ஓரமாக ஒதுங்கிப்போனது.

1959. கிரானிஸுக்கு 42 வயது. வயிற்றில் அல்சர். வேலை அழுத்தம்தான் காரணம் என்றார் குடும்ப டாக்டர். "ஏதாவது ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொள்ளும்" என்கிற மாதிரி ஆலோசனை சொன்னார். வேறு யாராக இருந்தாலும் தோட்டம் போட்டிருப்பார், தபால்தலை சேர்த்திருப்பார். கிரானிஸ் கேமராவைத் தூக்கினார். வீட்டுக் கார் ஷெட்டை இருட்டறையாக்கினார். நேராகக் கடற்கரைக்குப் போனார். யாரைப் படம் எடுப்பது? அங்கே சறுக்கிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன்களைத்தான். அந்தக் கூட்டத்தில் அவருடைய சொந்த மகன் ஃபிராங்கும் இருந்தான்!

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். குடும்பத்தைவிட்டுத் தப்பித்து ஓட அவர் கேமராவை எடுக்கவில்லை. கேமராவுக்கு முன்னால் நின்றதே குடும்பம்தான்.

அவருக்கு அதிர்ஷ்டமும் ஒத்துழைத்தது. அதே 1959-ல் 'கிட்ஜெட்' என்ற ஹாலிவுட் படம் வந்தது. கடற்கரை, அலைச்சறுக்கு, இளசுகள் என்று ஜாலியான படம். அமெரிக்க இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கடலை நோக்கி ஓடினார்கள். அதற்குச் சற்று முன்புதான் மரப் பலகை போய், ஃபோமில் செய்த லேசான பலகை வந்திருந்தது. முன்பு பயில்வான் தூக்கியதைப் பள்ளிக்கூடப் பெண்ணும் தூக்கிக்கொண்டு நடந்தாள். சில நூறு கிறுக்கர்களின் விளையாட்டு, சில வருடங்களில் ஒரு தேசிய மோகம் ஆனது. அந்த மாற்றம் நடந்த நேரத்தில், சரியான இடத்தில், கேமராவோடு நின்றார் ஒரு டெலிபோன் ஊழியர்.

அவருடைய கைவேலையும் சாதாரணமானது இல்லை. அன்றைக்கு ஃபிலிம் ரோலில் 36 படம்தான். கடலுக்குள் போய் 36 எடுத்ததும் கரைக்கு நீந்தி வந்து, கையைத் துடைத்து, ரோல் மாற்றி, மறுபடி நீந்த வேண்டும். அதற்குள் நல்ல அலை நாலு போய்விடும். கிரானிஸ், உள்ளே ரப்பர் வைத்த ஒரு பெட்டியைத் தயார் செய்தார். தண்ணீரில் இருந்தபடியே ஃபிலிம் மாற்றலாம். வாரத்துக்கு ஒருநாள்தான் கிடைக்கிறது என்பவனுக்குத்தான் அந்த நாலு அலையின் மதிப்பு தெரியும்.

படங்கள் 'ரீஃப்' போன்ற பத்திரிகைகளில் வர ஆரம்பித்தன. பிறகு எல்லா அலைப் பத்திரிகைகளும் அவரைத் தேடின. 1964-ல் டிக் கிரஹாம் என்பவரோடு சேர்ந்து 'இன்டர்நேஷனல் சர்ஃபிங்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பின்னாளில் 'சர்ஃபிங்' என்று பெயர் சுருங்கி, 2017 வரை வந்த அதே பத்திரிகைதான். ஹவாயின் ராட்சத அலைகளையும் போட்டிகளையும் அறுபதுகள் முழுக்கப் படமாக்கினார்.

இத்தனைக்கும் நடுவில் டெலிபோன் கம்பெனி வேலை? விடவில்லை! 1977-ல் ரிடையர் ஆகும்வரை அங்கேதான் இருந்தார். உலகம் கொண்டாடிய அலைப்பட நிபுணர், திங்கட்கிழமையானால் ஆபீசில் ஆஜர்.

1971 வாக்கில் அலைப்படத்தைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கினார். ஹேங் கிளைடர் என்கிற, இறக்கை கட்டிக்கொண்டு மலையிலிருந்து குதிக்கிற விளையாட்டின் பக்கம் கேமராவைத் திருப்பினார். பல வருடங்கள் உலகம் அவரைக் கிட்டத்தட்ட மறந்தே போனது. கடைசியில், 2006-ல், டாஷன் என்ற பெரிய கலைப் பதிப்பகம் அவருடைய அறுபது, எழுபதுகளின் படங்களைப் பிரம்மாண்டப் புத்தகமாகப் போட்டது. அப்போது அவருக்கு வயது 89-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கார் ஷெட்டில் கழுவிய படங்கள், கலைக்கூடங்களில் சட்டம் போட்டுத் தொங்கின. 2011 பிப்ரவரியில், 93 வயதில் இறந்தபோது, அலைப்படக் கலையின் ஞானத்தந்தை என்று பத்திரிகைகள் எழுதின.

சரி, வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கியவர்களே இல்லையா? உண்டு. அதையும் சொல்லாவிட்டால் கணக்கில் மோசடி ஆகும்.

ஜான் செவர்சன் என்று ஒருவர். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். அலைச்சறுக்கு சினிமா எடுத்து ஊர் ஊராகப் போய்த் திரையிட்டார். 1960-ல் அந்தப் படத்தை விளம்பரப்படுத்த 36 பக்கத்தில் கறுப்பு-வெள்ளையில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். படத்தைவிடப் புத்தகம் பிரமாதமாக எடுபட்டது. அதுதான் 'சர்ஃபர்' பத்திரிகை. அறுபது வருடம் அச்சில் வந்தது. வாத்தியார் வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. ஆனால் கவனியுங்கள், அவரைத் தூக்கி நிறுத்தியது கேமரா மட்டும் இல்லை. அவருக்குப் பத்திரிகை நடத்தத் தெரிந்திருந்தது. விளம்பரம் வாங்கத் தெரிந்திருந்தது. அதாவது, ஒரு வேலையை விட்டுவிட்டு அதைவிடப் பெரிய இன்னொரு வேலையில் மாட்டிக்கொண்டார். 1970-ஐ ஒட்டி அந்தப் பத்திரிகையையும் விற்றுவிட்டுக் குடும்பத்தோடு ஹவாய் பக்கம் போய்விட்டார்.

அதே 'சர்ஃபர்' பத்திரிகையில் மாதச் சம்பளத்துக்குப் படம் எடுத்தவர் ரான் ஸ்டோனர். அறுபதுகளின் நடுவில் அவரைவிட அழகாக அலையை யாரும் எடுக்கவில்லை என்பார்கள். தங்க நிற வெயில், தனியாக ஓர் ஆள், ஓவியம் மாதிரி அலை. வேலையும் அலை, வாழ்க்கையும் அலை. எந்தப் புகைப்படக்காரனும் ஏங்குகிற நிலைமை. ஆனால் அறுபதுகளின் கடைசியில் மனநோய் அவரைப் பிடித்தது. மருத்துவமனை, சிகிச்சை என்று அலைக்கழிந்தார். 1977-ல் காணாமல் போனார். 1994-ல் சட்டப்படி இறந்தவராக அறிவித்தார்கள். கிரானிஸ் நிம்மதியாக ரிடையர் ஆன அதே 1977!

இதை வைத்து, 'பார்த்தாயா, வேலையை விட்டால் இந்தக் கதிதான்' என்று நான் சொல்ல வரவில்லை. அது அநியாயம். நோய் யாருக்கும் வரும், ஆபீசில் இருப்பவனுக்கும் வரும். நான் சொல்ல வருவது வேறு. ஆசைப்பட்டதே வேலையாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு உலகத்தில் யாரும் கியாரண்டி கொடுப்பதில்லை.

நம் ஊரிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சண்டூர் சமஸ்தானத்தில் உத்தியோகம். சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த பிறகு, வேறு வேலை தேடாமல் சென்னைக்கு வந்து எழுத்து, காட்டு மிருகங்களின் புகைப்படம் என்று உட்கார்ந்துவிட்டார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவைக் கட்டிக்கொண்டார். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய பத்தியை 1996-ல் இறக்கும்வரை, 46 வருடம் எழுதினார். துணிந்து விட்டவர் ஜெயித்தார்தானே என்று கேட்கலாம். ஜெயித்தார். ஆனால் அவர் நம்பியது கேமராவை மட்டும் அல்ல, பேனாவையும். வாரம் தவறாமல், மாதம் தவறாமல் எழுதி எழுதிச் சம்பாதித்தார். எஜமானன் இல்லாத உத்தியோகத்திலும் கெடு தேதி உண்டு சாமி!

சரி, கணக்குப் படித்தவன் இல்லையா, ஐந்தொகை போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

கிரானிஸுக்கு அந்த டெலிபோன் வேலை என்ன கொடுத்தது? முதலாவது, ஃபிலிம் வாங்கக் காசு. இரண்டாவது, யாருடைய தயவும் தேவைப்படாத சுதந்திரம். படம் விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை இல்லை. அதனால் விற்கிற படத்தை மட்டும் எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெரிய அலையை மட்டும் எடுக்காமல், கரையில் பலகையைத் தலையில் சுமந்து நிற்கிற பையன், கார் கூரையில் கட்டிய பலகை, மணலில் படுத்து வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்று எல்லாவற்றையும் எடுத்தார். அன்றைக்கு அவை அட்டைப்படத்துக்கு ஆகாத படங்கள். இன்றைக்கு அந்தக் காலத்தின் முகத்தைக் காட்டுகிறவையும் அவைதான்.

பற்றுப் பக்கத்தையும் எழுத வேண்டும். எத்தனையோ நல்ல அலைகள் செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் வந்து, அவர் ஆபீசில் இருந்தபோது உடைந்து போயிருக்கும். அதற்கு எந்த லெட்ஜரிலும் பதிவு கிடையாது. இன்னொரு பெரிய பற்று, வீட்டுக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை. நான்கு பிள்ளைகளோடு கேட்டி எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டியிருப்பார்? கணவர் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தியபோது வெளியில் யார் சமாளித்தது? சரித்திரப் புத்தகங்களில் மனைவிக்கு ஒதுக்கும் இடம் எப்போதும் ஒரு வரிதான். ஆனால் அந்த முதலீடு இல்லாமல் இந்தக் கம்பெனி ஒருநாளும் ஓடியிருக்காது. இந்தப் பத்தியையே நான் ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்து அறையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் கேட்கிறது.

கோவளத்துக்கு வருவோம். கட்டுமரத்தில் ஏறி அலையைக் கடந்துபோய், திரும்பும்போது அலைமேலேயே ஏறிக் கரைக்கு வருவது நம் மீனவர்களுக்குப் பரம்பரை வித்தை. துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, மதராஸுக்குக் கப்பலில் வந்த துரைமார்கள் அலைக்குப் பயந்து நடுங்க, நூலில் தைத்த மசூலா படகில் அவர்களைக் கரை சேர்த்தவர்களின் வம்சம். 2012-ல் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அங்கே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். அந்தக் கரையோரப் பையன்கள் தேசியப் போட்டிகளில் கலக்குகிறார்கள். மாமல்லபுரத்தில் 2023-ல் சர்வதேசப் போட்டியும், 2025-ல் ஆசியப் போட்டியும் நடந்துவிட்டன. அதாவது, கலிபோர்னியாவில் 1959-ல் நடந்தது மாதிரி ஒரு ஆரம்பம் இங்கே நம் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. முப்பது வருடம் கழித்து, அந்தப் பையன்கள் முதன்முதலில் எப்படி நின்றார்கள், எப்படி விழுந்தார்கள் என்று யாராவது தேடும்போது, எடப்பாடி நூல் கடைக் கணக்கர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கைத்தான் தேட வேண்டியிருக்குமோ என்னவோ! (இரண்டு காப்பி எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். 1964 வெள்ளத்தை மறக்கக் கூடாது.)

இத்தனையும் போனில்தான் சொன்னேன். நண்பர் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் தறி ஓடும் சத்தம் மட்டும்.

பிறகு அவருடைய மனைவியின் குரல் கேட்டது.

"அந்த டெலிபோன்காரரு மொதமொதல்ல அவரு பையனைத்தான் போட்டோ புடிச்சாருன்னு சொன்னீங்களே, நெசமாங்கண்ணா?"

"நிஜம்தாம்மா."

"அப்ப அடுத்த தடவை எங்களையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. எங்க பசங்க இன்னும் கடலைப் பாத்ததே இல்லீங்க."

நண்பர் அவசரமாகக் குறுக்கே புகுந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஆளுக்கு அல்சர் சரியாச்சா இல்லையா, அதைச் சொல்லு."

"93 வயசு வரைக்கும் இருந்தார்" என்றேன். "மீதியை நீயே கணக்குப் போட்டுக்கோ. நூல் கடைக் கணக்கர்தானே நீ?"